பாட்டுக்குச் சண்டை, பாடு யாருக்கு?



பழவேற்காடு ஏரிக்கரையிலுள்ள மீனவக் குப்பங்களில் வாலிபர்களுக்கு இரண்டு பெயர் உண்டு. ஒன்று தாய் தகப்பன் வைத்து ரேஷன் கார்டில் ஏறிய பெயர். மற்றொன்று படகில் கால் வைத்ததும் ஒட்டிக்கொள்ளுகிற பெயர். முன் காலத்தில் இது நெட்டையன், கருவாடு என்கிற மாதிரி வெறும் பட்டப்பெயராய் இருந்தது. அப்புறம் சினிமா வந்தது. வாத்தியார் என்றும், தலைவர் என்றும், தளபதி என்றும், தல என்றும் ஆயிற்று. இப்போது செல்போனில் அமெரிக்காக்காரன் படமும் வந்துவிட்டபடியால், ஒருவன் ஸ்பைடர்மேன், ஒருவன் பேட்மேன், சுக்கான் பிடிக்கிறவன் அக்வாமேன். கரைக்குத் திரும்பி வலையை உதறி மீனைப் பிரித்து முடிகிறவரையில் அந்தப் பெயர்தான் செல்லுபடியாகும். இதோடு, அந்தச் செல்போனில் எந்தப் பாட்டைப் போடுவது என்று ஒரு சண்டை. எம்.ஜி.ஆர். பாட்டா, இளையராஜா பாட்டா, கானாப் பாட்டா என்று நடக்கும் வாதத்தைப் போன்ற ஒரு வாதம் சட்டசபையில்கூட நடந்திருக்காது.

“இதெல்லாம் ஒரு விஷயமா? பிள்ளைகள் விளையாட்டாகப் பேசுவதைப் பற்றிப் பகுத்தறிவுப் பத்திரிகையில் எழுத வேண்டுமா?” என்று சிலர் கேட்கலாம். எழுதத்தான் வேண்டும் என்கிறோம். ஒரு மனிதன் கோயிலுக்குப் போகும்போது என்ன நினைக்கிறான் என்பது எவ்வளவு முக்கியமோ, அதைவிட முக்கியம் அவன் வேலை செய்யும்போது தன்னை என்னவாக நினைத்துக்கொள்ளுகிறான் என்பது. பெயர் என்பது சாமான்யமான சங்கதியும் அல்ல. நல்ல பெயர் வைத்துக்கொள்ளக்கூட யோக்கியதையில்லை என்று கோடிக்கணக்கான ஜனங்களை ஒதுக்கி வைத்திருந்த தேசம் இது. 1929-ஆம் வருஷம் பிப்ரவரியில் செங்கற்பட்டில் கூடிய சுயமரியாதை மாகாண மகாநாடு, பெயருக்குப் பின்னால் தொங்கிக்கொண்டிருந்த ஜாதி வாலை வெட்ட வேண்டும் என்று தீர்மானம் போட்டது பொழுது போகாமல் அல்ல. ஆகவே ஒரு மீனவப் பிள்ளை தன் இஷ்டப்படி தனக்கொரு பெயர் சூட்டிக்கொள்ளுவதை நாம் குற்றம் சொல்ல வரவில்லை. எந்தப் பெயரை எடுத்தான், அந்தப் பெயருக்குள்ளே என்ன சரக்கு இருக்கிறது என்றுதான் அவிழ்த்துப் பார்க்கிறோம்.

இந்த வீரர்களுக்கெல்லாம் தாத்தா சூப்பர்மேன். 1938-இல் அமெரிக்காவில் ஒரு பத்துக் காசுப் படக்கதைப் புத்தகத்தில் பிறந்தவன். அவன் வேறு கிரகத்திலிருந்து வந்தவன், பறப்பான், மலையைத் தூக்குவான், ஆனால் பகலில் கண்ணாடி மாட்டிக்கொண்டு ஒரு பத்திரிகை ஆபீசில் கைகட்டி வேலை செய்கிற நிருபன். இதிலே நாம் கவனிக்க வேண்டியது என்னவென்றால், கதைப்படி கூலிக்கு வேலை செய்கிறவன் வேஷம். பறக்கிறவனே நிஜம் என்பதாகும்.

இது ஏதோ அமெரிக்காக்காரன் கண்டுபிடித்த அதிசயம் என்று நினைத்துவிடாதீர்கள். நம் புராணிகர்கள் இந்தச் சரக்கை எப்போதோ விற்றுவிட்டார்கள். திருவிளையாடற் புராணத்தில் வலை வீசின படலம் என்று ஒன்று உண்டு. பரமசிவன் வேதத்துக்கு அர்த்தம் சொல்லிக்கொண்டிருந்தபோது பார்வதி கவனமில்லாமல் இருந்தாளாம். அதற்குத் தண்டனை, “போய் மீனவச்சியாகப் பிற” என்று சாபம். பிறகு சிவனே ஒரு மீனவ வாலிபன் வேஷத்தில் வந்து, யாராலும் பிடிக்க முடியாத சுறாவை வலைபோட்டுப் பிடித்து, அவளைக் கல்யாணம் செய்துகொண்டு போய்விட்டானாம். 1965-இல் ‘திருவிளையாடல்’ என்று சினிமாவாக வந்தபோது சிவாஜி கணேசன் அந்த மீனவன் வேஷத்தில் நடந்த நடையைப் பார்த்துக் கைதட்டாத கரையூர் இல்லை.

கைதட்டினவர்கள் ஒரு நிமிஷம் யோசித்தார்களா? மீனவப் பெண்ணாய்ப் பிறப்பதே ஒரு சாபம், அதுவும் வேதத்தைக் கவனிக்காததற்கு வந்த சாபம் என்றல்லவா அந்தக் கதை சொல்லுகிறது! சாமிக்கு மீன்பிடிப்பது ஒரு நாள் வேஷம். வேஷத்தைக் கழற்றிவிட்டு அவன் கைலாசம் போய்விட்டான். வலையும் சேறும் உப்புத்தண்ணீரில் வெடித்த கையும் யாருக்கு மிஞ்சிற்று? மீனவரில் பலர் நாங்கள் பருவதராஜ குலம், ஈசுவரனுக்கே பெண் கொடுத்தவர்கள் என்று பெருமை பேசுகிறார்கள். மாப்பிள்ளை அதற்கப்புறம் ஒரு நாளாவது மாமனார் வீட்டுக்கு வந்து மண்ணெண்ணெய் விலை என்ன என்று விசாரித்ததுண்டா?

சூப்பர்மேனைப் பற்றி இன்னொரு சங்கதியும் சொல்ல வேண்டும். இதை நம் பிள்ளைகளுக்கு எந்தச் சினிமாவும் காட்டாது. அவனைப் படைத்தவர்கள் ஜெர்ரி சீகல், ஜோ ஷூஸ்டர் என்கிற இரண்டு வாலிபர்கள். பிழைக்க வந்த யூதக் குடும்பங்களின் பிள்ளைகள். அவர்கள் எழுதிய ஆரம்ப காலக் கதைகளில் சூப்பர்மேன் ராக்ஷசர்களோடு சண்டை போடவில்லை. 1938-லேயே வந்த ஒரு கதையில் அவன் சுரங்கத் தொழிலாளியாக வேஷம் போட்டுக்கொண்டு போய், தொழிலாளர்கள் உயிருக்குப் பாதுகாப்புச் செய்யாத சுரங்க முதலாளியை அதே சுரங்கத்துக்குள் மாட்டவைத்து, மூச்சுத் திணறினால் எப்படியிருக்கும் என்று அனுபவிக்கச் செய்கிறான். சபாஷ் என்று சொல்லத் தோன்றுகிறதல்லவா? ஆனால் அந்தப் பையன்கள் சூப்பர்மேன் உரிமை முழுவதையும் கம்பெனிக்கு விற்றது 130 டாலருக்கு. கம்பெனி கோடி கோடியாய்ச் சம்பாதித்தது. படைத்தவர்கள் வறுமையில் கிடந்தார்கள். 1975-இல்தான் அவர்களுக்கு வருஷத்துக்கு 20,000 டாலர் உபகாரச் சம்பளம் கிடைத்தது. அதை வாங்கிக் கொடுக்க சூப்பர்மேன் பறந்து வந்தானா? இல்லை. சீகல் பத்திரிகைகளுக்கு எழுதிக் கூச்சல் போட்டார். மற்றப் படக்கதைக்காரர்கள் கூட்டாகச் சேர்ந்து நியாயம் கேட்டார்கள். கம்பெனிக்கு வெட்கம் வந்தது.

நம் சுக்கான்காரப் பிள்ளைக்குப் பிடித்த அக்வாமேன் சமாசாரம் இன்னும் வேடிக்கை. 1941-இல் அவன் முதலில் வந்தபோது, தண்ணீருக்குள் மூச்சுவிடும் வித்தை அவனுக்குக் கற்றுக்கொடுத்து வந்தது. அவன் தகப்பன் கடலடி ஆராய்ச்சிக்காரன். தான் கண்டுபிடித்த விஞ்ஞானத்தை மகனுக்குச் சொல்லிக்கொடுத்தான் என்பது கதை. 1959-இல் கதையை மாற்றினார்கள். தாய் கடலுக்கடியிலுள்ள ராஜ்யத்துப் பெண், அந்த ரத்தத்தினால் வந்த சக்தி என்று ஆக்கினார்கள். அப்புறம் ராஜாவாகவும் ஆக்கிவிட்டார்கள். 2018-இல் வந்த சினிமாவிலும் அவன் கலங்கரை விளக்கக் காவலாளிக்கும் ஒரு ராணிக்கும் பிறந்தவன். (பழவேற்காட்டிலும் லைட்ஹவுஸ் குப்பம் என்றே ஒரு ஊர் இருக்கிறது, அங்கே இதுவரை எந்த ராணியும் கரை ஒதுங்கியதாகத் தகவல் இல்லை.) படிப்பினால் வந்த வலிமை பதினெட்டே வருஷத்தில் பிறப்பினால் வந்த வலிமையாக மாறிவிட்டது பார்த்தீர்களா? வர்ணாசிரமம் ஜம்பூத்வீபத்துக்கு மட்டும் சொந்தமான சரக்கு அல்ல போலிருக்கிறது!

நிற்க.

சென்ற மாதம் அந்தப் பக்கம் ஒரு கூட்டத்துக்காகப் போயிருந்தபோது, கரையோர டீக்கடையில் உட்கார்ந்திருந்தோம். எதிரே ஐந்தாறு வாலிபர்கள் வலையைப் பிரித்து இறால் பொறுக்கிக்கொண்டே இந்த வீரர் பெயரைப் பங்கு போட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்குக் கூடை தூக்கிக்கொண்டிருந்த ஒரு பையன், “அண்ணே, நான் ஸ்பைடர்மேன் எடுத்துக்கவா?” என்று கேட்டான். ஒருவன் சிரித்துக்கொண்டே, “டேய், நீ அனுமாருடா! போய்க் கூடையை எடுத்தா!” என்றான். எல்லோரும் சிரித்தார்கள். அந்தப் பையனும் சிரித்தான். விசாரித்தபோதுதான் தெரிந்தது, அவன் இருளர் வீட்டுப் பிள்ளை என்று. சொன்ன வாலிபன் கெட்டவன் அல்ல. எங்களுக்கு அவனே எழுந்து இடம் கொடுத்து, “அண்ணே, டீ சாப்பிடுங்க” என்று உபசாரம் செய்தவன். ஆனாலும் இல்லாத ஊர் வீரர்களின் பெயரைப் பங்கு வைக்கும்போதுகூட அவன் வாயில் ஜாதிதான் முந்திக்கொண்டு வந்தது. யார் வில் பிடிக்கிறது, யார் வால் பிடிக்கிறது என்பது அங்கே முன்னாலேயே தீர்மானமாகியிருக்கிறது.

விளையாட்டில் மட்டும் இருந்தால் விட்டுவிடலாம். ஏரியிலும் அப்படியேதான் இருக்கிறது. பழவேற்காட்டில் ‘பாடு’ என்று ஒரு முறை உண்டு. இன்ன இடத்தில் இன்ன வலையை இன்ன நாளில் இன்னார் போடலாம் என்று ஊர் கூடிச் சீட்டுப் போட்டு முறை வைத்துக்கொள்ளுவது. வெளியூர் வாசகர்களுக்கு இதன் பெருமையைச் சொல்ல வேண்டும். மீன் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி விழாது. நல்ல இடத்தைப் பலசாலி பிடித்துக்கொண்டால் மற்றவன் பட்டினி. அப்படி ஆகாமல், நல்ல இடமும் மோசமான இடமும் எல்லோருக்கும் மாறி மாறி வரும்படி செய்திருக்கிறார்கள். இதை எந்த ரிஷியும் சொல்லிக்கொடுக்கவில்லை. எந்த அவதாரமும் வந்து ஏற்படுத்தவில்லை. எழுத்துக்கூடத் தெரியாத வலைக்காரர்கள் தங்கள் புத்தியைக்கொண்டு, சண்டை போட்டு அலுத்து, யோசித்து உண்டாக்கியது. வெள்ளைக்காரப் பண்டிதர்கள் பொதுவுடைமை என்று புஸ்தகம் புஸ்தகமாய் எழுதிய விஷயத்தில் ஒரு துண்டு இந்த உப்புத்தண்ணீரில் நடந்துகொண்டிருக்கிறது.

ஆனால் அந்தச் சீட்டில் யார் பெயர் இருக்கிறது? குறிப்பிட்ட சில ஊர்களில் பட்டினவர் தலைக்கட்டுகளாய் இருக்கிற ஆண்களின் பெயர்தான். பெண்ணுக்குச் சீட்டு இல்லை. மற்ற ஜாதிக்காரனுக்குச் சீட்டு இல்லை. இருளனுக்குச் சீட்டு இல்லை என்று சொல்லவே வேண்டியதில்லை. அந்தக் கழியில் கழுத்தளவு தண்ணீரில் நின்று, சேற்றைக் கையால் தடவித் தடவி இறால் பிடித்து, பல்லால் கடித்துக்கொண்டிருக்கிற பறிக்குள் போடுகிறாளே இருளப் பெண், அவளுக்கு வலையும் இல்லை, படகும் இல்லை, பாடும் இல்லை. ஸ்பைடர்மேனுக்காவது கையிலிருந்து வலை வரும்! இவளுக்குக் கைதான் வலை. இவள் பெயரை ஒரு பிள்ளையாவது படகில் ஏறும்போது எடுத்துக்கொண்டதுண்டா?

இனிப் பாட்டுக்கு வருவோம். எம்.ஜி.ஆர். நடித்த ‘படகோட்டி’ 1964-இல் வந்தது. பாட்டெல்லாம் வாலி எழுதியவை, விஸ்வநாதன் ராமமூர்த்தி மெட்டு, சௌந்தரராஜன் குரல். அறுபது வருஷம் ஆகியும் கரையூர்களில் அந்தப் பாட்டுகளுக்குச் சலிப்பில்லை. நன்றாய்த்தான் இருக்கின்றன, நமக்கும் பிடிக்கும். மீனவன் கஷ்டத்தைத் திரையில் பாடியதே பெரிய காரியம் என்பதை மறுக்கவில்லை. ஆனால் எழுதியவர், மெட்டமைத்தவர்கள், பாடியவர், வாயசைத்தவர் எல்லோரையும் கூட்டிப் பார்த்தாலும் வலை இழுத்தவர் ஒருவர் இல்லை. 1977 ஜூனில் அவர் முதல் மந்திரியானார். ஆகஸ்டில் ‘மீனவ நண்பன்’ திரைக்கு வந்தது. திரையிலே மீனவன், கோட்டையிலே மந்திரி. இதில் எது வேஷம், எது நிஜம் என்று கேட்க அன்றைக்கு ஒருவருக்கும் தோன்றவில்லை. பாட்டிலே கஷ்டத்தைக் கேட்டுக் கண்ணீர் விட்டவுடன், கஷ்டமே தீர்ந்துவிட்டதுபோல ஒரு திருப்தி ஏற்பட்டுவிடுகிறதே, அதுதான் அபாயம்.

கையில் உழைப்பின் தழும்போடு பாட்டு எழுதியவன் இல்லாமலும் போகவில்லை. பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம் மாடு மேய்த்தவர், மீனும் நண்டும் பிடித்தவர், உப்பளத்தில் வேலை செய்தவர். 1959-இல் 29 வயதில் இறந்துபோனார். படகில் அவர் பாட்டைப் போடச் சொல்லி ஒருவனாவது சண்டை போட்டால் சந்தோஷப்படுவோம்.

பாட்டு என்றால் எல்லாம் ஒன்றல்ல என்பதற்கு ஒரு உதாரணம். ‘செம்மீன்’ 1965-இல் வந்த மலையாளப் படம். தகழியின் நாவலிலிருந்து எடுத்தது. ஜனாதிபதியின் தங்கப் பதக்கம் பெற்றது. அதன் பாட்டுகள் தமிழ்க் கரைகளிலும் பரவின. அதிலே சொல்லப்படுகிற நம்பிக்கை என்ன? கரையிலிருக்கும் மனைவி கற்புத் தவறினால் கடலிலிருக்கும் புருஷனைக் கடலம்மை விழுங்கிவிடுவாள் என்பது. 2017 நவம்பர் கடைசியில் ஓக்கிப் புயலில் கன்யாகுமரி, கேரளக் கரைகளின் மீனவர்கள் ஏராளமாய்ச் செத்தார்களே, அத்தனை பேர் வீட்டுப் பெண்களும் ஒரே ராத்திரியில் கற்பிழந்துவிட்டார்களா? எச்சரிக்கை நேரத்துக்குப் போய்ச் சேரவில்லை; ஆழ்கடலில் இருந்தவனுக்குச் செய்தி சொல்லச் சாதனமில்லை. காரணம் இதுவாயிருக்க, பழியைப் பெண்ணின் இடுப்பில் கட்டுகிற கதை எவ்வளவு இனிமையான மெட்டோடு வந்தாலென்ன?

சினிமாவுக்கு முன்னால் கரைக்கென்றே அம்பாப் பாட்டு இருந்தது. ஒருவன் ஒரு அடி எடுத்துக்கொடுக்க, மற்றவர்கள் ஏலேலோ என்று வாங்கிக்கொண்டு ஒரே மூச்சில் கயிற்றை இழுப்பார்கள். அதிலே கேட்கிறவன் என்று தனியாக ஒருவன் கிடையாது. பாடுகிறவனெல்லாம் இழுக்கிறவன், இழுக்கிறவனெல்லாம் பாடுகிறவன். இயந்திரச் சத்தத்தில் அது தேய்ந்துபோயிற்று. அதற்காக இயந்திரத்தைக் குறைசொல்லப் போவதில்லை. நெஞ்சு வலி மிச்சமாயிற்றே! ஆனால் எல்லோரும் சேர்ந்து செய்தால்தான் பாட்டு என்கிற அந்தப் புத்தி போகவேண்டியதில்லை. பக்கத்து எண்ணூர்க் கழியைச் சாம்பலும் கம்பெனிகளும் விழுங்குவதைப் பற்றி 2017 ஜனவரியில் புறம்போக்குப் பாட்டு என்று ஒன்று வந்தது. கபேர் வாசுகி எழுதி, டி.எம். கிருஷ்ணா கர்நாடக ராகங்களில் சென்னைத் தமிழில் பாடியது. வசவாய்ப் போன ‘புறம்போக்கு’ என்ற வார்த்தைக்கு ‘ஊருக்குப் பொது’ என்ற அர்த்தத்தைத் திருப்பிக் கொண்டுவந்தது. டீக்கடையில் அந்தப் பிள்ளைகளிடம் கேட்டோம். இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். மற்றவர்கள் அப்போதே போட்டுக் கேட்டார்கள். “மெட்டு கொஞ்சம் இழுவைண்ணே” என்றான் ஒருவன். அது அவன் உரிமை.

பறக்கிற வீரனைத் தேடுகிற இந்தப் பிள்ளைகளின் தலைக்கு மேலேதான் நிஜமாகவே ஒன்று பறந்து போகிறது. ஏரிக்கும் கடலுக்கும் நடுவே கிடக்கிற ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து 1971 முதல் ராக்கெட்டு போகிறது. போகிற நாளில் மீனவன் கடலுக்குப் போகக்கூடாது என்று உத்தரவு. அவன் கரையில் நின்று வேடிக்கை பார்க்கிறான். அந்த ராக்கெட்டு மந்திரத்தினால் போகவில்லை, கணக்கினால் போகிறது. இதை அனுப்புகிறவர்களே மறந்துபோவதுதான் வேதனை. 2019-இல் சந்திரயான் 2 போகுமுன் தலைவர் திருப்பதிக்குப் போய்க் கும்பிட்டார். இறங்குகலம் நிலவில் மோதி உடைந்தது. 2023 ஜூலையில் சந்திரயான் 3 போகுமுன்னும் ராக்கெட்டு பொம்மையைத் தூக்கிக்கொண்டு திருப்பதிக்குப் போனார்கள். ஆகஸ்டு 23-ந் தேதி ஒழுங்காய் இறங்கிற்று. கும்பிடு இரண்டு தடவையும் ஒன்றேதான். மாறியது எது? காலைப் பலப்படுத்தினார்கள், எரிபொருளைக் கூட்டினார்கள், இறங்குமிடத்தை அகலமாக்கினார்கள், தப்புக் கணக்கைத் திருத்தினார்கள். படகில் ஏறும் ஒரு பையன் அந்தக் கணக்குப் போட்டவர்களின் பெயரை எடுத்துக்கொண்டால் என்ன குறைந்துபோகும்?

ஏரிக்கு வந்திருக்கிற ஆபத்து படக்கதையிலுள்ள ஆபத்து அல்ல. முகத்துவாரம் மணல் அடைத்தால் கடல்நீர் உள்ளே வராது. இறால் முட்டையிடுவது கடலில்; குஞ்சு வளருவது ஏரியில். வாசல் அடைபட்டால் குஞ்சு எப்படி வரும்? அடைபட்ட காலங்களில் ஊர்க்காரர்கள்தான் கூடி மண்ணை வெட்டித் திறந்தார்கள். தெற்கே காட்டுப்பள்ளித் துறைமுகம் 2018-இல் அதானி கம்பெனி கைக்கு வந்தது. சுமார் 330 ஏக்கரில் இருப்பதை 6,000 ஏக்கருக்கு மேல் விஸ்தரிக்கத் திட்டம் போட்டார்கள். 2021 ஜனவரியில் வைத்த பொதுக் கருத்துக் கேட்புக் கூட்டமும் ஒத்திப்போயிற்று. 2023 செப்டம்பரில் வைத்ததும் ஒத்திப்போயிற்று. எந்தப் போர்வை கட்டினவன் பறந்து வந்து ஒத்திவைத்தான்? குப்பத்து ஜனங்கள், கூடைக்காரப் பெண்கள் உள்பட, வேண்டாம் என்று ஒரே குரலாய்ச் சொன்னார்கள். அந்தக் குரலில் இருளர் குரலும் சேர்ந்துதான் இருந்தது. கூச்சல் போட வேண்டிய நாளில் அவன் நம்மவன்; சீட்டுப் போடுகிற நாளில் அவன் யார்?

“ஐயா, பாட்டுச் சண்டையில் ஆரம்பித்து எங்கள் பாட்டுக்கே வந்துவிட்டீரே” என்று பட்டினவத் தோழர்கள் கோபிக்கக்கூடும். கோபிக்கட்டும். பாடு முறையை எடுத்துவிடச் சொல்லவில்லை. அதைப்போல நல்ல ஏற்பாடு வேறில்லை என்றுதான் மேலே எழுதியிருக்கிறோம். புதிதாய் ஆட்களைச் சேர்த்தால் ஒவ்வொருவருக்கும் முறை குறையும் என்பதும் தெரியும்; அது வயிற்றுப் பிரச்சினை, லேசாகச் சொல்லிவிடக்கூடியதல்ல. ஆனால் தலைக்கட்டுகளின் பிள்ளைகளுக்குக் கல்யாணமாகி எண்ணிக்கை கூடியபோதெல்லாம் முறையைத் திருத்திக்கொள்ளத்தானே செய்தீர்கள்? அப்போது கைவந்த கணக்கு இப்போது மட்டும் ஏன் வராது? முதற்படியாக, கையால் தடவிப் பிடிக்கிறவர்களுக்கென்று கரையோரத்தில் இத்தனை இடம், இத்தனை நாள் என்று சீட்டிலேயே எழுதி வைத்தால் யாருக்கு நஷ்டம்? பெரியவர்கள் இரண்டு பேரிடம் இதைக் கேட்டோம். ஒருவர் முடியாது என்றார். இன்னொருவர், “ஊர்க்கூட்டத்தில் வைத்துப் பார்க்கலாம்” என்றார். கூட்டத்தில் வைத்தார்களா, என்ன முடிவாயிற்று என்று அடுத்த சீட்டுக் காலத்தில் நேரில் போய்க் கேட்டு எழுதுவோம்.